கத்தி சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பழைய மடக்குக் கத்தி ஒன்றைக் கையில் எடுங்கள். அலகின் மேலோரத்தில் பிறை போல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அந்த நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். பல கத்திகளில் பாதி திறந்ததும் 'டக்'கென்று ஒரு நிறுத்தம் வரும், முழுதாகத் திறந்ததும் இன்னொரு 'டக்'. நன்றாகச் செய்த கத்தியில் இரண்டு சத்தமும் தெளிவாக, அழுத்தமாகக் கேட்கும். முதுகில் இருக்கும் ஸ்பிரிங்கை யாரோ ஒரு தொழிலாளி அரத்தால் ராவி, மாட்டிப் பார்த்து, மறுபடி ராவிச் சரிசெய்திருக்கிறார். அவர் போய் எவ்வளவோ காலமான பிறகும் அந்தக் கைவேலை காதில் விழுகிறது. எனக்குக் கத்தி மேல் பிரியம் வந்தது அந்தச் சத்தத்தால்தான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வருடத்தில் முப்பது கத்தி சேர்ந்துவிடுகிறது. அதில் ஒன்றை எடுத்து, 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்டால் பதில் இருக்காது. இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி, கத்தியைப் படிக்கக் கற்றுக்கொள்வது. வாங்குவது மீதிக் கால்வாசி. கீழே சொல்லும் வரிசையும் அந்தக் கணக்கில்தான்.

முதலில் சட்டம்

இதை ஒத்திப்போடாதீர்கள். அலகின் நீளம், லாக் உண்டா இல்லையா, பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கிறதா, இருபக்கக் கூரா என்று ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொன்றைப் பார்க்கிறது. வீட்டில் வைத்திருப்பது, வெளியே எடுத்துப் போவது, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பது மூன்றும் தனித்தனி விஷயங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதியுள்ள கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் குற்றமாகும் நாடுகள் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தை அரசு வெளியிட்ட வடிவில் நீங்களே படியுங்கள், கத்தி விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். விமானத்தில் போவதென்றால் கத்தி கைப்பையில் வரக்கூடாது, சரக்கில் போகும் பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கத்தி வாங்கும் முன்பே பூட்டுள்ள பெட்டி ஒன்றை வாங்கிவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு கத்தி

முதல் கத்தியை அலமாரியில் வைக்காதீர்கள், பயன்படுத்துங்கள். மூன்று நான்கு மாதம் அதனாலேயே பார்சல் பிரியுங்கள், கயிறு அறுங்கள், பழம் நறுக்குங்கள், குச்சி சீவுங்கள். பிடி எங்கே உறுத்துகிறது, எவ்வளவு நாளில் கூர் மழுங்குகிறது, துடைக்காமல் விட்டால் என்ன ஆகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். இந்த அனுபவம் இல்லாமல் படம் பார்த்து வாங்குகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார்.

என்னைக் கேட்டால் முதல் கத்திக்கு ஒப்பினெல் எட்டாம் எண்ணைச் சொல்வேன். பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி அது. மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, அலகைப் பூட்ட ஒரு வளையம். அந்த வளையம் வந்தது 1955-இல்தான், அதுவரை பூட்டே இல்லாமல் வெறும் இறுக்கத்தில்தான் அலகு நின்றது. கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டிலும் வருகிறது. கார்பன் எஃகையே எடுங்கள். ஓர் ஆப்பிளை நறுக்கிவிட்டுச் சும்மா வைத்தால் சிறிது நேரத்தில் அலகில் நீலமும் சாம்பலுமாக மேகம் போல நிறம் படரும். எஃகு உயிருள்ள பொருள் மாதிரி மாறுவதை முதல் முறை பார்ப்பது தனி சந்தோஷம். மரப்பிடி நனைந்தால் ஊதி, அலகைத் திறக்க முடியாமல் கவ்விக்கொள்ளும். அதுவும் ஒரு பாடம்தான்.

பராமரிப்புத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி சரியாக இருக்கும். மடக்காத கத்தி வேண்டுமென்றால் ஸ்வீடனின் மோரா கத்தி. மூன்றுமே விலை குறைந்தவை, மூன்றுமே வேலை செய்பவை. பெரிய சேகரிப்பு வைத்திருப்பவர்களின் பெட்டியிலும் இவற்றில் ஒன்று கிடக்கும்.

பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

அலகு, வெட்டுவாய், முதுகு, முனை, பிடி ஆகியவை எல்லோருக்கும் தெரியும். சேகரிக்கிறவர் கூடவே தெரிந்துகொள்ள வேண்டியது டாங். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் கூர் இல்லாமல் இருக்கும் கட்டையான பகுதி அது. செய்தவரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிடியின் இரு முனையிலும் வரும் உலோகக் கட்டைக்கு போல்ஸ்டர் என்று பெயர். பிடியின் இருபக்கப் பட்டைகள் ஸ்கேல், அவற்றுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தகடு லைனர்.

மடக்குக் கத்தியில் அலகு எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்பது ஸ்லிப்ஜாயிண்ட், தாத்தா காலத்துக் கத்திகள் பெரும்பாலும் இதுதான். முதுகில் அழுத்தினால் விடுபடுவது பேக்-லாக். அதைப் பரவலாக்கியது அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த பக் 110 கத்தி. லைனர் தகடே வளைந்து வந்து அலகைத் தாங்குவது லைனர்-லாக், இன்று நாம் பார்க்கும் வடிவத்தை மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். ஒரு கையால் திறக்க அலகில் வட்டத் துளை, சட்டைப்பையில் மாட்ட கிளிப் என்று இன்று சாதாரணமாகிவிட்ட இரண்டையும் சேர்த்து 1981-இல் தந்தது ஸ்பைடர்கோ என்ற அமெரிக்க நிறுவனம். இந்த வருடங்கள் மனதில் நின்றால், 'அறுபதுகளில் செய்தது' என்று கிளிப்போடு வரும் கத்தியை உடனே சந்தேகிப்பீர்கள்.

எஃகைப் பற்றிக் கொஞ்சம்

எஃகின் பெயர்ப் பட்டியலில் விழுந்துவிட்டால் எழுந்து வர ஆறு மாதம் ஆகும். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். 1095 மாதிரி கார்பன் எஃகு எளிதாகக் கூராகும், எளிதாகத் துருவும் பிடிக்கும். குரோமியம் சுமார் 13 சதவீதம் இருந்தால் துருவைத் தாங்கும். டி2 என்ற எஃகில் குரோமியம் 12 சதவீதம் போல இருந்தாலும் அதில் நிறைய கார்பனோடு கட்டுப்பட்டுப் போய்விடுவதால் முழு ஸ்டெயின்லெஸ் ஆகாமல் நடுவில் நிற்கிறது. விஜி-10, எஸ்30வி போன்றவை கூரை நெடுநாள் காக்கும், ஆனால் சாணை பிடிக்கப் பொறுமை வேண்டும்.

பெயரைவிடப் பெரியது பதம். அதே எஃகை ஒருவர் சரியான சூட்டில் தோய்த்து எடுத்தால் கத்தி, இன்னொருவர் கைதவறினால் தகடு. கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 62 வரை இருக்கும். எண் கூடக்கூடக் கூர் நிற்கும், ஆனால் வெட்டுவாய் சில்லுத் தெறிக்கும் ஆபத்தும் கூடும்.

அலை அலையான வரிகள் ஓடும் டமாஸ்கஸ் எஃகைப் பற்றிக் கேட்காத புதியவர் இல்லை. பழைய டமாஸ்கஸ் வாள்கள் மூசையில், அதாவது சூடு தாங்கும் மண்கலத்தில், உருக்கிய எஃகால் ஆனவை. தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடல் கடந்து போன உருக்கு அது. இன்று அந்தப் பெயரில் விற்பது இரண்டு மூன்று வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டி, அமிலத்தில் முக்கி வரிகளை வெளிக்கொண்டுவந்தது. இதுவும் உண்மையான கைத்திறன்தான். அமெரிக்கக் கத்திக் கொல்லர் பில் மோரன் 1973-இல் இப்படிச் செய்த கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகுதான் அமெரிக்கக் கொல்லர்களிடையே இந்தக் கலை மறுபடி பரவியது. ஆனால் சாதாரணத் தகட்டின் மேல் வரிகளை வெறுமனே பொறித்து விற்பதும் நடக்கிறது. அலகின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அடுக்கு நிஜமென்றால் முதுகிலும் கோடுகள் ஓடும். பக்கவாட்டில் மட்டும் அலை அலையாக இருந்து முதுகு மொழுமொழுவென்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

உங்கள் வழி எது?

முதல் கத்தி கைக்குப் பழகிய பிறகு ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஒரே காலகட்டம், ஒரே வடிவம், ஒரே தொழில் என்று எதுவாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், ஜப்பானின் செகி என்று கத்திக்கே பேர்போன ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாழ்நாளுக்குப் போதும். தோட்ட வேலைக் கத்திகள், மாலுமிக் கத்திகள், பேனா சீவ வைத்திருந்த குட்டிக் கத்திகள் என்று தொழில்வழி போகிறவர்களின் சேகரிப்பு எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும். வளைந்த அலகுள்ள ஒரு தோட்டக் கத்தியைப் பார்த்தால் அது எந்தக் கிளையை எப்படி இழுத்து வெட்டியிருக்கும் என்று கை தானாகவே அசைந்து பார்க்கும்.

வழி ஒன்று இருந்தால் வேண்டாம் என்று சொல்வது சுலபமாகிவிடும். ஐந்தே கத்தி, ஐந்தும் ஒன்றோடொன்று பேசுகிறது என்றால் அது சேகரிப்பு. பின்னால் வழி மாறலாம், தப்பில்லை. 'வரையறுக்கப்பட்ட பதிப்பு', 'நினைவுப் பதிப்பு' என்று அச்சடித்த பெட்டியோடு வருபவற்றில் மட்டும் ஆரம்பத்தில் கை வைக்காதீர்கள். சேகரிக்கிறவர்களுக்காகவே செய்யப்பட்டதை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதனால் அது அரிதாவது கடினம்.

கத்தியைப் படிப்பது

நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

முதலில் டாங்கில் இருக்கும் முத்திரை. சில நிறுவனங்கள் வருடத்தையே அதில் ஒளித்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970-இல் தன் முத்திரையோடு பத்துப் புள்ளிகளைக் குத்தியது. அடுத்த வருடம் ஒன்பது, அதற்கடுத்த வருடம் எட்டு, இப்படி 1979-இல் ஒரே ஒரு புள்ளி. 1980-இல் எழுத்தின் வடிவத்தை மாற்றிவிட்டு மறுபடி பத்திலிருந்து தொடங்கியது. ஆக, லென்ஸில் ஆறு புள்ளி தெரிந்து எழுத்து பழைய வடிவமாக இருந்தால் அது 1974-ஆம் வருடக் கத்தி. பக் நிறுவனம் 1986-லிருந்து வருடத்துக்கு ஒரு குறி வைக்கிறது. முதல் முறை ஒரு கத்தியின் பிறந்த வருடத்தை நீங்களே கண்டுபிடிக்கும்போது வரும் பரவசத்தைச் சொல்லித் தெரியவைக்க முடியாது.

குறி இல்லாத கத்திக்கும் வரலாறு உதவும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913-இல். 'ஸ்டெயின்லெஸ்' என்று முத்திரை இருந்து, விற்பவர் 'பத்தொன்பதாம் நூற்றாண்டு' என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 'மேற்கு ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அந்த நாடு அந்தப் பெயரில் இருந்த 1949-க்கும் 1990-க்கும் இடையில் செய்தது. சோலிங்கன் என்ற பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிரான்சின் லாகியோல் என்பது அப்படியல்ல. அது கத்தி வகையின் பெயர், ஒரே நிறுவனத்தின் பெயர் இல்லை. பிடியின் மேலே தேனீ உருவம் இருப்பதால் மட்டும் அது எங்கே, யார் செய்தது என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து அலகு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் சாணை பிடித்த அலகு மெலிந்து, முனை குட்டையாகியிருக்கும். அதே மாதிரியின் பழைய விளம்பரப் படத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். மூடியிருக்கும்போது அலகு இரண்டு லைனருக்கும் நடுவில் உட்காருகிறதா? திறந்து பிடித்து முனையை லேசாக இடவலமாகவும் மேல்கீழாகவும் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா? பிடியில் ஆணியைச் சுற்றி மயிரிழை போல விரிசல் ஓடுகிறதா? எலும்புப் பிடியில் அது சகஜம், ஆனால் விலை பேசும்போது கணக்கில் வர வேண்டும். கத்தியின் ஒரு பகுதி மட்டும் பளபளவென்றும் மற்றவை பழுப்பேறியும் இருந்தால், வெவ்வேறு கத்திகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம்.

வாங்கும்போது

கண்காட்சி, பழம்பொருள் சந்தை, ஏலம், இணையம் எல்லாமே வழிதான். ஆரம்பத்தில் கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய இடங்களுக்கே போங்கள். அடுத்தவர் கத்தியைத் தொடும் முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள், அலகில் விரல் பதிக்காதீர்கள், படீரென்று திறந்து மூடாதீர்கள். இந்த மரியாதை தெரிந்தவருக்கு மேசைக்கு அடியில் இருக்கும் நல்ல கத்தியும் வெளியே வரும்.

இணையத்தில் வாங்கினால் டாங்கின் இருபக்கப் படம், மூடிய நிலையில் மேலிருந்து எடுத்த படம், முதுகின் படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல் உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள்.

பத்திரமாக வைப்பது

நான் வாங்கிய முதல் பழைய கத்தி இரண்டு அலகுள்ள சின்னச் சட்டைப்பைக் கத்தி. அலகு கருத்துப்போய் இருந்தது. அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் வைத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. மறுநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் டாங்கில் இருந்த முத்திரை பாதி அழிந்திருந்தது. யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கருப்பு அழுக்கு இல்லை. கார்பன் எஃகின் மேல் காலம் போட்ட படலம் அது. எஃகைக் கொஞ்சம் காக்கவும் செய்யும், வயதுக்குச் சாட்சியும் அதுதான். அந்தக் கத்தியை இன்னும் வைத்திருக்கிறேன், எதையும் தேய்க்கும் முன் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஆகவே கருப்பும் சாம்பலும் இருந்தால் விட்டுவிடுங்கள். செம்பழுப்பாக, தொட்டால் விரலில் பொடி ஒட்டினால் மட்டும் அது தின்கிற துரு. கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மென்மையான துணியால் துடையுங்கள். போகாவிட்டால் மிக நைசான எஃகு இழையை எண்ணெயோடு சேர்த்து, துரு இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லத் தேய்க்கலாம். முத்திரைப் பக்கம் போகவே வேண்டாம்.

சமையல் எண்ணெய் பூசாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். மினரல் ஆயில் ஒரு துளி போதும், ஸ்லிப்ஜாயிண்ட் மூட்டில் ஒன்று, அலகில் துணியால் தடவ ஒன்று. நெடுநாள் தொடப்போவதில்லை என்றால் ரினைசான்ஸ் வாக்ஸ் என்ற மெழுகு நல்லது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் அருங்காட்சியகப் பொருள்களுக்காக உருவானது அது.

தோல் உறையில் கத்தியைப் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிடும் பொருள்களும் அது இழுத்து வைக்கும் ஈரமும் சேர்ந்து எஃகில் குழி விழச் செய்யும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். உறையைத் தனியாக, கத்தியைத் தனியாக வையுங்கள்.

இன்னொன்று, புதியவர் யாருக்கும் தெரியாதது. பழைய கத்திகளில் ஆமையோடு போலவும் முத்துச்சிப்பி போலவும் பளபளக்கும் பிடிகள் பல செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக். வயதானால் அது சிதையத் தொடங்கி அமில ஆவியை விடும். அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளும் திடீரென்று துரு ஏறும். ஒரு கத்தியின் அலகில் பிடிக்குப் பக்கத்தில் மட்டும் துரு பூத்தால், பிடியில் கற்பூர வாசனை வந்தால், அதை உடனே பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். நெருப்புக்கும் வெயிலுக்கும் பக்கத்தில் வேண்டாம், செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும். மற்றவற்றுக்கு மூடி இறுகிய பெட்டியும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.

சாணை பிடிப்பதைப் பயன்படுத்தும் கத்தியில் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஆயிரம் கிரிட் (கல்லின் நைசைச் சொல்லும் எண்) கல் ஒன்று ஆரம்பத்துக்குப் போதும். வெட்டுவாயில் மார்க்கர் பேனாவால் மை பூசி, ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 பாகைச் சாய்வில் கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். வாயின் ஓரத்தில் மை அப்படியே இருந்தால் சாய்வு குறைவு, ஓரத்தில் மட்டும் போயிருந்தால் சாய்வு அதிகம். கையைத் திருத்தத் திருத்த வந்துவிடும். பழைய சேகரிப்புக் கத்தியில், முக்கியமாக இதுவரை யாருமே சாணை பிடிக்காத அலகில், கல் படக்கூடாது.

குறிப்பேடு

கடைசி வேலை இது, பலர் விட்டுவிடுவதும் இதுதான். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம். வாங்கிய தேதி, யாரிடம், கொடுத்த தொகை, மூடிய நீளம், அலகு நீளம், முத்திரையில் இருப்பது அப்படியே எழுத்துக்கு எழுத்து, குறைகள், நீங்கள் கணிக்கும் காலம், அப்படிக் கணித்ததற்கான காரணம். கூடவே டாங்கின் நெருக்கமான படம் ஒன்று. விற்றவர் அந்தக் கத்தியைப் பற்றி ஏதாவது கதை சொன்னால் அதையும் எழுதுங்கள், ஆனால் 'விற்றவர் சொன்னது' என்று தனியாகக் குறித்து. உறுதியானதையும் கேள்விப்பட்டதையும் கலக்காதீர்கள்.

என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்த உப்புத்தாள் கத்திதான் இருக்கிறது. முத்திரை என்ற இடத்தில் 'தெளிவாக மூன்று எழுத்து, மீதி அழிந்தது' என்று எழுதி, மிச்சமிருக்கும் கோடுகளை லென்ஸில் பார்த்து அப்படியே வரைந்து வைத்திருக்கிறேன். பழைய முத்திரைப் பட்டியல் எது கிடைத்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புரட்டுகிறேன்.